ஐம்பது வெள்ளிக்கு மேல் கொடுத்ததில்லை

பழைய நாற்காலி தேடுவது பணக்காரர் பொழுதுபோக்கு என்று எனக்கு முன் பேசிய தம்பி சொன்னார். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். என் வீட்டில் 6 பழைய நாற்காலிகள் உள்ளன. எதற்கும் 50 வெள்ளிக்கு மேல் கொடுத்ததில்லை!

1950, 60களில் டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர் போன்றோர் வடிவமைத்த தேக்கு நாற்காலிகளுக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை. அதே சாயலில், சாய்ந்த கால், மெல்லிய கைப்பிடி வைத்துச் சிங்கப்பூர்த் தச்சர்களும் செய்தார்கள். பெயர் இல்லை, அதனால் விலையும் இல்லை. நம்மைப் போன்றவர்கள் அங்கேதான் தேட வேண்டும்.

பிரம்பு கிழிந்திருந்தால் பயப்படாதீர்கள், விலை பாதியாகும். பிரம்பை மறுபடி பின்னலாம். சட்டம் ஆடுகிறதா, அடியில் பூச்சி அரித்த தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். அலமாரி என்றால் இழுப்பறையை உருவி மூலையைப் பாருங்கள். பலகைகள் விரல் கோத்ததுபோல் பூட்டியிருந்தால் நல்ல வேலை.

எனக்கு ஏன் இந்த ஆசை? வீடு மாறியபோது அப்பாவின் தேக்கு நாற்காலியைக் காராங் குனிக்காரரிடம் கொடுத்தவன் நான்தான். புது சோபா வந்த சந்தோஷம்! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவரும் போய்விட்டார்.

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு அங்கே அதே மாதிரி ஒன்று கிடைத்தது, 20 வெள்ளி. அம்மா கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"இது அவரோடது இல்லைப்பா," என்றார்.

ஆனாலும் தினமும் அதில்தான் உட்காருகிறார்.