கடைசி ஆளுக்கு முதல் இடம்

(தலைப்பு: நம் தெருப் பூங்காவுக்குப் பெருமை தருவது கண்ணைக் கவரும் அழகே! எல்லோருக்கும் இடம் தரும் அமைப்பே! – 'அமைப்பே' அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! 'அழகே' என்று பேசுவதற்காகவே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! (சிரிப்பு) அரங்கத்தில் இருப்பவர்களே, வீட்டில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே!

எனக்கு முன்னால் பேசிய ஐயா என்ன சொன்னார்? "பூங்கான்னா பார்த்த உடனே மனசு குளிரணும். பச்சைப் பசேல்னு புல்வெளி, நடுவிலே நீரூற்று, சுத்திலும் கலர் விளக்கு" என்றார். ஐயா, நீங்க சொன்னது பூங்கா இல்லே, காலண்டர்! (சிரிப்பு, கைதட்டல்) காலண்டரிலே யாரும் உட்கார முடியாதுங்க.

நடுவர் அவர்களே, எங்க தெருவிலே நடந்ததைச் சொல்கிறேன். சென்னையிலே எங்க வீட்டுக்குப் பக்கத்திலே ஒரு காலி மனை. அதைப் பூங்கா ஆக்கினாங்க. திறப்பு விழா முடிந்த மறுநாள், பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியிலே இருக்கிற எங்க அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனேன். எட்டு மாதமா ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாதவங்க, அன்றைக்குக் கேட்டு வாங்கித் தலையிலே பூ வைத்துக்கொண்டாங்க. போனால், வாசலிலே சுழல் கம்பி! மாடு நுழையக் கூடாது, பைக் நுழையக் கூடாது என்று போட்டிருக்காங்க. மாடு நுழையலே. பைக் நுழையலே. எங்க அம்மாவும் நுழையலே!

காவலாளி நல்ல மனுஷர். "பெரிய கேட்டுச் சாவி ஆபீசிலே இருக்கும்மா" என்றார். அம்மா சொன்னாங்க: "நீ உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லு. நான் இங்கேயே இருக்கேன்." நான் போகலே நடுவர் அவர்களே. பெற்ற தாயை வாசலிலே நிறுத்திவிட்டு உள்ளே போய் அழகை ரசிக்க எனக்கு மனசு வரலே. (கைதட்டல்)

அந்தக் கம்பியைப் போட்டவர் கெட்டவர் இல்லை. அவர் மனசிலே மாடு வந்தது, பைக் வந்தது, எங்க அம்மா வரலே. அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன்: பூங்கா போடுவதற்கு முன்னால், உள்ளே வர யாருக்கு ரொம்பக் கஷ்டமோ, அவரை முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

"செலவுக்கு எங்கே போவது?" என்று எதிரணித் தலைவர் பயமுறுத்தினார். கணக்குப் பார்ப்போமா? வழியிலே 90 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் சக்கர நாற்காலி போய்விடும். சரிவுப் பாதைக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அரை அடி உயரப் படி இருந்தால், ஆறு அடி நீளத்துக்குச் சரிவு. நீரூற்றுக்கு ஆகிற மோட்டார் செலவு இதற்கு ஆகுமா? அந்தச் சரிவிலே கைக்குழந்தை வண்டியும் போகும், மூட்டுவலித் தாத்தாவும் போவார். பெஞ்சுக்கு ஒரு கைப்பிடி வையுங்கள். பாட்டி கையை ஊன்றித் தானே எழுந்துகொள்வாள். இது தர்மம் இல்லை ஐயா, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது.

2022 நவம்பரில் மெரினாவிலே மணல்மேல் மரப்பாதை போட்டாங்க. சக்கர நாற்காலியிலே அலை ஓரம் வரைக்கும் போகலாம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து சேதப்படுத்தியது. மறுபடியும் சரி செய்தாங்க. கடற்கரை மணலிலே முடிகிறது, எங்க தெருவிலே முடியாதா? (கைதட்டல்)

கால் இருந்தாலும் வர முடியாதவங்க உண்டு. ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரத்திலே, 1990-களிலே ஒன்று கவனித்தாங்க. ஒன்பது பத்து வயசுக்கு மேலே பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைகிறது. ஏன்? மைதானம் முழுக்கப் பையன்கள் பந்து! உடனே பையன்களை விரட்டலே. பூங்காவைப் பல சின்ன இடங்களாகப் பிரித்தாங்க, பாதை போட்டாங்க, வேறு விளையாட்டுக்கும் இடம் ஒதுக்கினாங்க. பெண் பிள்ளைகள் திரும்பி வந்தாங்க. நம்ம ஊரிலே வெளிச்சமும் சுத்தமான கழிப்பறையும் இருந்தாலே பாதிப் பெண்கள் வந்துவிடுவோமே ஐயா!

இனி, அந்தப் பச்சைப் பசேல் புல்வெளிக்கு வருகிறேன். 2015 டிசம்பரிலே சென்னை வெள்ளத்திலே மிதந்தது. 2019 கோடையிலே ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது புல்லுக்கு யார் ஊற்றுவது? பூங்காவிலே நடைபாதை தவிர மற்ற இடத்திலே மண்ணைத் திறந்து விடுங்கள். தாழ்வான மூலையிலே ஒரு சின்னக் குட்டை வெட்டுங்கள். தெரு மழைத்தண்ணீர் அங்கே போய் நிலத்திலே இறங்கட்டும். புங்கை, வேம்பு, பூவரசு வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் தினமும் தண்ணீர் கேட்காது. சாய்ந்து உட்கார்ந்தால் நிழல் கொடுக்கும்.

"எல்லாம் சரி, பராமரிப்பது யார்?" என்று நடுவர் கேட்பது முகத்திலேயே தெரிகிறது. (சிரிப்பு) அதற்கும் எங்க தெருவிலேயே பதில் இருக்கிறது. ஆறு மாதம் மனுமேல் மனு கொடுத்தோம். சுழல் கம்பி போனது, குட்டைக் கல்தூண்கள் வந்தன. "பைக் வருமே?" என்பீர்கள். வந்தால் எங்க அம்மா விட்டால்தானே! தினமும் சாயங்காலம் புங்க மரத்தடியிலே அவங்கதான். கிளையை ஒடிக்கிற பையனை அதட்டுவது அவங்க. "குழாய் ஒழுகுது, ஆபீசுக்குச் சொல்லு" என்று என்னை விரட்டுவது அவங்க. வாசலிலே நிறுத்தப்பட்டவங்கதான் இன்றைக்கு அந்தப் பூங்காவுக்கே சம்பளம் வாங்காத காவல்! (பலத்த கைதட்டல்)

வேடிக்கை பார்க்கப் போட்ட பூங்கா, பார்க்கிறவர் சலித்தால் காய்ந்துபோகும். என்னுடையது என்று பத்துப் பேர் நினைக்கிற பூங்கா காயாது. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்கள் உள்ளே வரட்டும், அழகு பின்னாலேயே வரும்.

ஆகவே, நம் பூங்காவுக்குப் பெருமை தருவது எல்லோருக்கும் இடம் தரும் அமைப்பே, அமைப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, விடைபெறுகிறேன்.