மீண்டு வருபவருக்கு நம் கதவு





பொன்விழாப் பந்தியில் நம்மோடு உட்கார முடியாமல் போனவர்களைப் பற்றி இங்கே சற்றுப் பேச விரும்புகிறோம்.

பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின. வேலை போனவருக்கு லயத்து வீடும் போயிற்று. குடி அதற்கும் முந்திய துன்பம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. பிறகு சம்சு, அதன்பின் போதைப்பொருள்.

மது ஒரே நாளில் ஹராமாக்கப்படவில்லை. அல்பகரா 219, அந்நிஸா 43, அல்மாயிதா 90 எனப் படிப்படியாகவே விலக்கப்பட்டது. மீள்பவருக்கும் அந்த அவகாசம் வேண்டும். 2010இல் மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் மெத்தடோன் மருந்தும் மார்க்க வழிகாட்டலும் ஒருசேரக் கொடுக்கத் தொடங்கினார்கள். மருத்துவமும் தவ்பாவும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நாம் செய்யக்கூடியது என்ன? ஸகாத் பெறுவோரென அத்தவ்பா 60 சொல்லும் எட்டு வகையினரில் கடனாளியும் வழிப்போக்கரும் உண்டு. வாடகை அறைக்கு முன்பணம், கிளினிக்குக்குப் போய்வரத் துணை, ஒரு வேலை. அதோடு பொறுப்பும் தருவோம்: ரமலானில் நோன்புக் கஞ்சி வாங்க வந்தவரையே கஞ்சி ஊற்ற நிறுத்துவோம். தன்னை நம்பிப் பிறர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அவரை மறுநாளும் பள்ளிக்கு அழைத்து வரும்.

பழைய பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடாதிருப்போம். அல்லாஹ் நம் கதவுகளை விசாலமாக்குவானாக, ஆமீன்.