ஒரே ஒரு பசுவின் பால்

பால் சொசைட்டியில் பால் ஊற்றிப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே லிட்டர் கணக்கு மட்டும் பேசாது. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள். தரத்துக்கு ஏற்ற விலை என்ற இந்த நியாயம் நிலைபெற உழைத்தவர்களில் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு வேளாண் கல்லூரி வேதியியலாளர். பெயர் ஸ்டீபன் பாப்காக்.

அந்தக் காலத்து வேளாண் கல்லூரி விஞ்ஞானியின் வாழ்க்கை இரண்டு பக்கமும் இழுபட்ட வாழ்க்கை. ஆராய்ச்சியில் பட்டம் வேண்டுமென்றால் பலரும் ஜெர்மனிக்குப் போனார்கள். பாப்காக்கும் கோட்டிங்கனில் படித்து, 1879இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே கற்றது, இயற்கையை அதன் வேர் வரை விசாரிக்கும் பழக்கம். ஊருக்குத் திரும்பினால் காத்திருந்த வேலை வேறு. விவசாயிகள் மண்ணைப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். கடையில் வாங்கிய உரத்தில் கலப்படம் உண்டா என்று கேட்டார்கள். பாடம் நடத்த வேண்டும், கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும், குளிர்காலத்தில் ஊர் ஊராகப் போய் விவசாயிகள் கூட்டங்களில் பேச வேண்டும். 1887இல் வந்த ஹேட்ச் சட்டம், மாநிலந்தோறும் ஆராய்ச்சி நிலையம் நடத்த ஆண்டுக்கு 15,000 டாலர் கொடுத்தது. வரிப்பணம் வந்ததும், அதனால் விவசாயிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஏட்டுப் படிப்புக்காரர்களுக்கு ஏர் பிடிப்பதைப் பற்றி என்ன தெரியும் என்ற சந்தேகம் கிராமங்களில் ஊறிக் கிடந்த காலம் அது.

அடுத்த ஆண்டு பாப்காக் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்கு வந்தார். கோதுமையையே திரும்பத் திரும்ப விதைத்து நிலம் சோர்ந்துபோக, அங்கே விவசாயிகள் கறவை மாடுகளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் வெண்ணெய் ஆலை, சீஸ் ஆலை. ஆனால் எல்லோருடைய பாலையும் ஒன்றாகக் கொட்டி, எடைக்குத்தான் பணம் கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தவருக்கும் ஆடை எடுத்துவிட்டு ஊற்றியவருக்கும் அதே விலை. நல்ல தீவனம் போட்டுக் கெட்டியான பால் கொண்டுவந்தவர்தான் நஷ்டப்பட்டார். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் இருந்தது. ஆடையை எடுத்தால் அடர்த்தி கூடும், தண்ணீர் ஊற்றினால் குறையும். இரண்டையும் அளவோடு செய்தால் கருவி ஏமாந்துவிடும். கொழுப்பைச் சரியாக அளக்க வேண்டுமென்றால் ஆய்வுக்கூடம் வேண்டும், நுண்தராசு வேண்டும், பல மணி நேரம் வேண்டும்.

எளிய வழி ஒன்று கண்டுபிடித்துத் தரும்படி கல்லூரித் தலைவர் வில்லியம் ஹென்றி கேட்டுக்கொண்டார். பாப்காக் வேலையில் இறங்கினார். ஒரு முறையும் கிடைத்தது. கல்லூரிப் பண்ணையின் மாடுகளுக்கெல்லாம் அது சரியாக வந்தது, ஒரே ஒரு பசுவைத் தவிர. அந்தப் பசுவின் பாலில் மட்டும் அளவு பிசகியது. ஹென்றிக்கு அவசரம். சட்டமன்றத்துக்கும் விவசாயிகளுக்கும் காட்ட ஏதாவது வேண்டும், அதனால் வெளியிட்டுவிடலாம் என்றார். பாப்காக் மறுத்துவிட்டார். ஊரில் எத்தனை பேர் வீட்டில் அதே மாதிரிப் பசு நிற்கிறதோ, அத்தனை பேருக்கும் அந்தச் சோதனை அநியாயம் செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். மேலதிகாரி நெருக்கும்போது அந்த ஒரு பசுவுக்காக நின்ற மனிதரை நான் மிகப் பெரியவராக மதிக்கிறேன்.

மறுபடி முயன்றார். கழுத்து நீண்ட குப்பியில் 17.6 மில்லிலிட்டர் பால். ஏறக்குறைய அதே அளவு கந்தக அமிலம். அமிலம் பாலில் உள்ள புரதத்தைக் கரைத்துக் கொழுப்பை விடுவிக்கும், கலவையும் தானாகவே சூடேறும். குப்பிகளை ஒரு சக்கரத்தில் வைத்துக் கையால் சுழற்ற வேண்டும். வெந்நீர் விட்டு மீண்டும் சுழற்றினால், கொழுப்பு கழுத்துக்கு ஏறி நிற்கும். அங்கே பொறித்திருக்கும் கோடுகளைப் பார்த்துச் சதவீதத்தைச் சொல்லிவிடலாம். சில நிமிட வேலை. ஆலையில் வேலை பார்க்கும் யாரும் கற்றுக்கொள்ளலாம். 1890 ஜூலையில் இதை வெளியிட்டார், காப்புரிமை கேட்கவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் நிலையத்தில் கண்டது பொதுமக்களுக்கே என்று விட்டுவிட்டார்.

பால் வாங்குவதில் மட்டுமல்ல, மாட்டுத் தொழுவத்திலும் இது மாற்றம் செய்தது. எந்தப் பசு தின்ற தீவனத்துக்கு ஈடு கொடுக்கிறது, எது கொடுக்கவில்லை என்று எண்ணில் தெரிந்தது. நல்ல கறவையைப் பார்த்து இனம் பெருக்க வழி பிறந்தது.

ஆனால் பாப்காக்கின் மனதைக் குடைந்த கேள்வி இது அல்ல. நியூயார்க் மாநிலத்தில், ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த நாளிலிருந்தே அவருக்கு ஒரு சந்தேகம். தீவனத்தில் புரதம் இவ்வளவு, மாவுச்சத்து இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று கணக்கிட்டால் போதும் என்றார்கள் ஜெர்மன் அறிஞர்கள். கணக்கில் ஒன்றாக இருக்கும் இரண்டு தீவனங்கள் மாட்டின் உடம்பிலும் ஒன்றுதானா? இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சோதிக்க மாடுகள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். உடனடிப் பலனைக் காட்டியாக வேண்டிய இடத்தில் அது எளிதில் கிடைக்கவில்லை.

கடைசியில் 1907இல்தான், ஹார்ட் முதலிய இளைய விஞ்ஞானிகள் மேடிசனில் அந்தச் சோதனையைத் தொடங்கினார்கள். 16 கிடேரிகள், நான்கு கூட்டம். ஒன்றுக்கு மக்காச்சோளப் பயிர் மட்டும், ஒன்றுக்குக் கோதுமை, ஒன்றுக்கு ஓட்ஸ், நான்காவதுக்கு மூன்றும் கலந்தது. ஏட்டுக் கணக்கில் நான்கும் சமம். சினைப் பருவம் வந்ததும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. மக்காச்சோளம் தின்றவை திடமான கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவற்றின் கன்றுகள் இறந்து பிறந்தன, அல்லது பிறந்ததும் இறந்தன. கணக்கில் அகப்படாத ஏதோ ஒன்று தீவனத்தில் இருந்தது.

அதைத் தேடிப் போனவர்களில் ஒருவர் எல்மர் மெக்காலம். மாட்டை வைத்துக் காலம் கடத்த முடியாது என்று எலிகளுக்கு மாறினார். தொடக்கத்தில் சம்பளமே இல்லாமல் அவருக்கு உதவியவர் மார்கெரிட் டேவிஸ். வெண்ணெயில் உயிரைக் காக்கும் பொருள் ஒன்று இருப்பதை இருவரும் 1913இல் அறிவித்தார்கள். இன்று அதை வைட்டமின் ஏ என்கிறோம். எழுபது வயதை எட்டிய பாப்காக் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டுதான்.