பாற்பல்லும் பேதியும்

(அங்கன்வாடி மையம் ஒன்றில் கூடிய தாய்மாரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலையையும் கிணற்றையும் பற்றிப் பேச வேண்டிய அலுவலர் குழந்தையின் பல்லைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. சென்ற கோடையில் நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் எட்டு மாதக் குழந்தை வயிற்றுப்போக்கால் இறந்தது. துக்கம் விசாரிக்கச் சென்ற நம்மிடம் அதன் பாட்டி, "பல் முளைக்கிற பேதிதானே, தானாக நின்றுவிடும் என்று இரண்டு நாள் இருந்துவிட்டோம், ஐயா" என்றார். அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. பல் முளைப்பதால் பேதி உண்டாகுமா என்பதை இன்று ஆராய்வோம்.

ஆறாம் மாதத்தில் பல் உண்டாவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், கரு ஆறு வார வளர்ச்சியில் இருக்கும்போதே பல் அரும்பத் தொடங்குகிறது. குழந்தை பிறக்கும் வேளையில் 20 பாற்பற்களும் தாடைக்குள் அரைகுறையாக உருவாகி மறைந்துள்ளன. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கீழ் முன்பற்கள் இரண்டும் முதலில் தலைகாட்டும். சில குழந்தைகளுக்கு நான்கு மாதத்திலும், சிலருக்கு ஓராண்டிலும் வருவதுண்டு. மூன்று வயதிற்குள் இருபதும் நிரம்பிவிடும்.

விதை மண்ணைப் பிளப்பதுபோல் பல் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று பலரும் கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒவ்வொரு பல்லையும் மெல்லிய பை ஒன்று சூழ்ந்துள்ளது. மேலுள்ள எலும்பைக் கரைக்கும் அணுக்களை அப்பையே வரவழைத்து வழி திறக்கிறது. கீழே புது எலும்பு வளர்கிறது. அமெரிக்க அறிஞர்களான கேகில், மார்க்ஸ் இருவரும் நாய்களிடம் இதனைச் சோதித்து 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். பையை அகற்றியபோது பல் வெளிவரவில்லை. பையை வைத்துவிட்டுப் பல்லுக்குப் பதிலாகச் செயற்கைப் பல்லை இட்டபோதோ, அதுவும் வெளிவந்தது! எலும்பில் வழி இவ்வாறு சிறுகச் சிறுகத் திறக்கிறது. ஈறும் மெல்ல மெல்ல மெலிந்தே விலகுகிறது.

ஆகவே, பல் முளைக்கையில் ஈறு சற்றுத் தடிக்கும், எச்சில் ஒழுகும், குழந்தை சிணுங்கும், உடல் சிறிது வெதுவெதுப்பாகவும் இருக்கலாம். கடுங்காய்ச்சலுக்கும் பேதிக்கும் பல் காரணமன்று.

அப்படியாயின், இரண்டும் ஒரே சமயத்தில் வருவது ஏன்? தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற நோய் எதிர்ப்பு ஆற்றல் ஆறாம் மாதத்தை ஒட்டிக் குறைகிறது. அப்போதுதான் குழந்தை தவழ்ந்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் இடுகிறது. தாய்ப்பாலோடு பிற உணவும் நீரும் தொடங்குவதும் அப்போதே. கிருமி இவ்வழியாகப் புகுகிறது. பழியோ பல்லின்மேல் விழுகிறது.

எனவே பேதி கண்டால் காத்திருக்க வேண்டா. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு தூய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். பொட்டலம் இல்லையேல், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். துத்தநாக மாத்திரையைச் செவிலியர் கூறும் அளவில் 14 நாள் கொடுங்கள். கண் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க மறுத்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இக்கூட்டத்திற்கு வராத பாட்டிமார் பலர் வீட்டில் இருப்பர். இன்றிரவே அவர்களிடம் இதனைச் சொல்லுங்கள். அந்தப் பாட்டியும் தம் ஊரில் இப்போது இதனைத்தான் சொல்லி வருகிறார்.