கச்சானுக்கு எதிரே கூட்டாக



2022 இல் பெட்ரோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று களைத்துப்போய், மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளை எல்லாரும் வெளியே எடுத்தோம். பெட்ரோல் வந்த பிறகும் சிலர் அதைத் திரும்ப மூலையில் போடவில்லை. லீவு நாளில் கூட்டாளிமார் சேர்ந்து பொத்துவில் பக்கம் மிதிக்கிறார்கள். நல்ல விசயம். ஆனால், பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தம்பிலுவிலில் ஆறு பேராகப் புறப்படுவார்கள். தாண்டியடி வருமுன் ஆறு துண்டு. முதல் ஆள் கோமாரியில் நின்று தன் வேகக் கணக்கைக் கைபேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பார். கடைசி ஆள் விநாயகபுரத்தில் செயின் கழன்று, கையெல்லாம் கிரீஸோடு தனியே நிற்பார். இதுவா கூட்டுச் சவாரி?

கூட்டாக ஓடுவது ஒரு வித்தை. முன்னால் ஓடுகிறவர் பின்னால் வருகிறவருக்காக ஓட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: முன்னால் ஓடுகிறவர் பின்னால் வருகிறவருக்காக ஓட வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். கியர் இல்லாத பழைய லுமாலா சைக்கிள், கரியரில் பழைய ரியூப் பட்டியால் இறுக்கிக் கட்டிய பம்ப். அவர் முன்னால் போனால் நமக்கு ரோட்டைப் பார்க்கிற வேலையே பாதி குறைந்துவிடும். குழி வந்தால் இடுப்புக்குப் பின்னால் ஒரு விரல் கீழே நீளும். மணல் என்றால் உள்ளங்கை விரிந்து ஆடும். மிதியில் அவசரமே இராது. பாலத்தில் ஏறும்போதும் அதே தாளம்தான். கொஞ்ச நேரத்தில் தோளைத் திருப்பிப் பார்ப்பார், “தம்பி, நீ வா” என்பார். வாகனம் இல்லையென்று கண்டு பக்கவாட்டில் விலகி, மெல்லப் பின்னுக்கு வந்து, வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வார். களைத்த பிறகு விலகுகிறவர் அல்ல அவர். களைக்குமுன் விலகுவார். களைத்த பிறகு விலகினால் வாலைப் பிடிக்கக் காலில் பலம் இராது. முன்னால் போன பலசாலி அப்படித்தான் கழன்று பின்தங்குகிறான்.

இதில் கணக்கும் இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றரில் மிதிக்கிறீர்கள், கச்சான் காற்று 15 இல் முகத்துக்கு நேரே அடிக்கிறது என்று வையுங்கள். உங்கள் நெஞ்சில் மோதுவது 35 கிலோமீற்றர்க் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாய் ஏறும். ஆக, காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்கு தடை. முன்னால் ஒருவர் இருந்து, அவருடைய பின்சக்கரத்தை நெருங்கி ஓடினால் அதில் கணிசமான பங்கை அவர் வாங்கிக்கொள்வார். 1903 இல் தொடங்கிய பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் இன்றைக்குப் பெரிய வீரன் நாளின் பெரும்பகுதி தன் கூட்டாளிகளின் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்து ஓடுகிறான். அவனுக்கே வெட்கமில்லை, நமக்கென்ன?

நம்முடைய வீதியில் இன்னொரு சிக்கல். பொத்துவிலை நோக்கிப் போகும்போது கச்சான் நேரே வராது, வலப்பக்கமிருந்து சரிந்து அடிக்கும். அப்போது நேர் பின்னால் ஓடுவதில் பயன் குறைவு. காற்றின் மறைவு இடப்பக்கம் சரிந்து கிடக்கும். காக்கா இதற்காகவே வீதி ஓரக் கோட்டிலிருந்து ஒரு கை தள்ளி ஓடுவார், அடுத்தவர் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் ஒதுங்க இடம் வேண்டுமென்று. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்தான் அந்த மறைவில் கொள்ளும். அதனால் பத்துப் பேர் கிளம்பினாலும் மூன்று நான்கு பேராய்ப் பிரிந்து ஓடுங்கள். பஸ்காரருக்கும் முந்திப்போக இடம் கிடைக்கும்.

கார்பன் சைக்கிள், இறுக்கமான உடுப்பு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள். ஆனால் விரல் காட்டத் தெரியாதவனின் லட்ச ரூபாய்ச் சைக்கிளுக்குப் பின்னால் ஓட எனக்குப் பயம். முன்னால் ஓடுகிறவர் பின்னால் வருகிறவருக்காக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு பொத்துவில் போகிறவர்களுக்கு ஒன்று. வெயில் ஏறிக் கச்சான் எழும்புமுன் கோமாரியைத் தாண்டிவிடுங்கள். அதற்காக இருட்டோடு சங்கமன்கண்டிப் பக்கம் போய்விடாதீர்கள், யானை நிற்கும். நன்றாக விடிந்த பிறகு திருக்கோவிலைத் தாண்டினால் போதும்.