தாத்தா ஊசியும் பேத்தி ஊசியும்

போன வாரம் பண்பொழியில அக்கா வீட்டுல இருந்தேன். புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஒன்றரை மாசப் பாப்பாவுக்குச் சொட்டு மருந்து போக, ரெண்டு தொடையிலயும் ஒரு கையிலயும் ஊசி. ஆச்சிக்குத் தாங்கல. "ஏட்டி, பச்சப்புள்ளைக்கு ஒரே நாள்ல மூணு ஊசியா?"ன்னு அக்காவைப் பிடிச்சுக்கிட்டாங்க. திண்ணையில இருந்த தாத்தா கேட்டார்: "அதுல ஒண்ணு நிமோனியா ஊசியாம்லா? எனக்கும்தான் போட்டாங்க. ஒரே ஊசியோட முடிஞ்சுது. இவளுக்கு மட்டும் ஏன் மூணு தவணை?"

நல்ல கேள்வி. இன்னைக்கு எபிசோடே அதுதான்.

நிமோனியாவை உண்டாக்குற நியூமோகாக்கஸ் பாக்டீரியா, தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரை உறையைப் போர்த்தியிருக்கும். தாத்தாவுக்குப் போட்டது, 23 வகை நியூமோகாக்கஸின் உறையை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த ஊசி. அந்தச் சர்க்கரையைப் பார்த்ததும் நம்ம ரத்தத்துல இருக்கும் பி செல்கள் எதிர்ப்பொருள் தயாரிக்கும். ஆனா பி செல்லுக்கு உதவ வேண்டிய டி செல், புரதத் துண்டைத்தான் அடையாளம் காணும். வெறும் சர்க்கரையைக் கண்டுக்காது. டி செல் உதவி இல்லைன்னா நினைவு செல்கள் சரியா உருவாகாது. பெரியவங்களுக்குச் சில வருஷம் பாதுகாப்பு கிடைக்கும், அப்புறம் குறையும். திரும்பப் போட்டாலும் பழைய நினைவு விழித்து எழாது.

ரெண்டு வயசுக்குக் கீழே சிக்கல் இன்னும் பெரிசு. வெறும் சர்க்கரைக்குப் பதில் சொல்லும் பி செல்கள் அந்த வயசுல முதிர்ந்திருக்காது. ஆபத்து அதிகம் இருக்கிற வயசுலதான் அந்த ஊசி வேலை செய்யாது.

இதுக்குக் கண்டுபிடித்த வழி: சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதியியல் முறையில் பிணைப்பது. இதுதான் கான்ஜுகேட் தடுப்பூசி. பாப்பாவோட ஊசியில அந்தப் புரதம், தொண்டை அடைப்பான் நஞ்சின் தீங்கில்லாத வடிவம். பி செல் சர்க்கரையைப் பிடித்து, கூடவே ஒட்டியிருக்கும் புரதத்தையும் விழுங்கும். அதன் துண்டை டி செல்லிடம் காட்டும். டி செல் உதவிக்கு வரும். எதிர்ப்பொருளின் பிடி இறுகும், நினைவு செல்களும் உருவாகும்.

டைபாய்டுலயும் இதே கதைதான். வெறும் சர்க்கரை ஊசியை 2 வயசுக்குப் பிறகுதான் போட முடியும். ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் கான்ஜுகேட் ஊசியை 6 மாசத்திலேயே போடலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்ல. 2011 டிசம்பரில் ஹிப் கான்ஜுகேட் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி, நாட்டிலேயே முதலில் இங்கேயும் கேரளாவிலும்தான் அரசுத் திட்டத்துக்குள் வந்தது. நியூமோகாக்கல் கான்ஜுகேட் 2021 ஜூலையில் இங்கே தொடங்கியது. 6 வாரம், 14 வாரம், 9 மாசம். முதல் ரெண்டும் நினைவை உருவாக்கும். மூணாவது அதைத் தட்டியெழுப்பி உறுதியாக்கும்.

அக்கா அந்த மூணாவதைத்தான் விட்டுடலாம்னு இருந்தா. 9 மாசம் ஆகும்போது சென்னைக்குத் திரும்பியிருப்பாளாம். கார்டைக் காட்டினா அங்கேயும் அரசு சுகாதார நிலையத்துல இலவசமாப் போடுவாங்கன்னு சொன்னேன். கார்டு இப்போ அவ கைப்பையில இருக்கு.

தாத்தாவுக்கும் ஒரு லாபம் உண்டு. கான்ஜுகேட் ஊசி, குழந்தையின் மூக்கு, தொண்டையில் அந்தக் கிருமி தங்குவதையும் குறைக்கும். அமெரிக்காவில் 2000-இல் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கிய பிறகு, போடாத முதியவர்களிடமும் நோய் குறைந்தது. சொன்னதும் தாத்தா சிரிச்சார்: "அப்போ எனக்கும் சேர்த்துத்தான் இவ அழுதிருக்கா!"