கோடை விடுமுறை யாருக்கு?



மைசூரில் தேவராஜ மொஹல்லா என்று ஒரு பேட்டை உண்டு. அங்கேதான் தேவராஜ மார்க்கெட் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையான சந்தை. காய், பழம், குங்குமம், வெற்றிலை எல்லாம் கிடைக்கும். அங்குள்ள பூக்கடைகள் மிகவும் பெயர் பெற்றவை.

கோடையில் மல்லிகை நிறையப் பூக்கும். கல்யாண முகூர்த்தங்களும் அப்போது அதிகம். மல்லிகை மொட்டு மாலையில் விரிந்துவிடும். அதற்குள் கட்டி விற்க வேண்டும். பூ யாருக்காகவும் காத்திருக்காது.

அந்தப் பேட்டையில் பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவருடைய கோடை நாள் எப்படிப் போகும்?

விடியும் முன் எழுவார். தண்ணீர் பிடிப்பார். பூ வாங்கி வருவார். சமைப்பார், துவைப்பார். நடுநடுவே பூக்கட்டுவார். பள்ளிக்கு விடுமுறை. பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் வீட்டில்தான் சாப்பாடு. ஊரிலிருந்து உறவினரும் வருவார்கள்.

கோடைக்கென்றே சில வேலைகள் உண்டு. வெயில் இருக்கும்போதே வடகம் காய வேண்டும். மாங்காய் ஊறுகாய் போட வேண்டும். மைசூரில் மே மாதத்திலேயே இடி மழை வரும். அதற்குள் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பள்ளி திறப்பதற்குள் நோட்டு வாங்கப் பணம் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் எது முதலில் நின்றுபோகும்? அந்த அம்மா எழுத்துப் படிக்கும் மாலை வகுப்புதான். “நேரமே இல்லை” என்பார். அது சாக்கு அல்ல. உண்மை.

2024-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் ஒரு நாளில் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கேட்டது. கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் சராசரியாக நாளுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 88 நிமிடம் செலவிட்டார்கள். வித்தியாசம் 201 நிமிடம். அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல்! வகுப்புக்கு வேண்டியதோ ஒரு மணி நேரம்.

இதற்கு என்ன வழி? கற்ற எழுத்தே கைகொடுக்கும். பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுங்கள். பின்பக்கம் மூன்று கட்டம் போடுங்கள். என்ன வேலை? யார் செய்வது? எந்த நாள்? இரவில் குடும்பமே உட்கார்ந்து எழுத வேண்டும்.

“எனக்கு ஏது நேரம்? நாள் முழுக்க மூட்டை தூக்கிட்டு வர்றேன்” என்று கணவர் சொல்லலாம். அதுவும் உண்மைதான். அவர் உழைப்பும் தாளில் ஏறட்டும்.

“தண்ணியைப் பையன் பிடிக்கட்டுங்க” என்று மனைவி சொல்லலாம்.

“ஆம்பளைப் பையனா குடம் தூக்குவான்?” என்று மாமியார் கேட்கலாம். குடத்துக்கு ஆண், பெண் தெரியாது, அத்தை!

எல்லா வேலையும் இந்தக் கோடையிலேயே முடியாது. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பாருங்கள். மழை காத்திருக்காது. அதனால் ஓடு முதலில். சுண்ணாம்பைத் தசராவுக்கு முன்னால் அடித்துக்கொள்ளலாம். வடகத்தைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்து போடலாம். பாதி நேரம் மிச்சம்.

ஒன்று மட்டும் கூடாது. அம்மாவின் வேலையை எல்லாம் மகளின் தலையில் கட்டக் கூடாது. அப்படிச் செய்தால் சுமை குறையவில்லை. தலை மாறியது, அவ்வளவுதான். மகளும் விடுமுறையில் விளையாட வேண்டும், படிக்க வேண்டும்.

தாளின் கடைசி வரியை அம்மாவே தன் கையால் எழுத வேண்டும். “வகுப்பு. அம்மா. தினமும் மாலை.” அந்த வரியை யாரும் அடிக்கக் கூடாது.

இன்று இரவு உங்கள் வீட்டுத் தாளையும் எழுதிப் பாருங்கள். அதில் யார் பெயர் அதிகம் வருகிறது? எண்ணிப் பாருங்கள். நாளை வகுப்பில் வந்து சொல்லுங்கள்.